ஹேவ், ஹேஸ்: பொருளை விடுங்கள், உடையவரைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதும்போது ஹேவ் போடுவதா, ஹேஸ் போடுவதா என்று ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறேன். ‘ஹீ, ஷீ, இட் வந்தால் ஹேஸ்’ என்ற விதி எனக்கு மனப்பாடம். ஆனாலும் தப்பு வருகிறது. போன வாரம் நான் எழுதிய நாலு வரி இவை: ‘தி ஃபேக்டரி மேனேஜர் ஹேவ் டூ க்வெஸ்டின்ஸ்’, ‘தி கார்ட்டன்ஸ் ஹேஸ் ரீச்ட் தூத்துக்குடி’, ‘தி சப்ளையர் டஸ் நாட் ஹேஸ் திஸ் கலர்’, ‘வீ ஆர் ஹேவிங் ஃபார்ட்டி மெஷின்ஸ்’. சீனியர் அண்ணன் நாலையும் திருத்திவிட்டார். ஏன் என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. நீங்கள் விளக்க முடியுங்களா சார்?

பதில்:

அம்மிணி, நீங்கள் மனப்பாடம் செய்த விதியில் தப்பே இல்லை. ஹீ, ஷீ, இட் என்றால் ஹேஸ். ஐ, யூ, வீ, தே என்றால் ஹேவ். நிகழ்காலத்தில் இந்த வினைக்கு இருப்பது இந்த இரண்டு வடிவம்தான். தப்பு வருவது, அந்த விதியை வாக்கியத்தில் எந்தச் சொல்லின் மேல் வைத்துப் பார்ப்பது என்கிற இடத்தில்.

கோபி, அவிநாசி பக்கத்துப் பள்ளிகளில் இருபத்தாறு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். ஓய்வு பெற்ற அப்புறம் சாயங்கால நேரத்தில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்திய பிறகு ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. நம் பிள்ளைகள் இந்தத் தப்பைக் கவனம் இல்லாமல் செய்வதில்லை. தமிழ் நன்றாக ஊறிய பிள்ளைதான் இதைச் செய்கிறது. தமிழில் முழுக்கச் சரியாக இருக்கிற ஒரு பழக்கம், ஆங்கிலம் எழுதும்போதும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே நான் ஆங்கிலத்திலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை, நம் பேச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்கள் ஊட்டுக்கு வரும் ஒரு பெரியம்மாவிடம் ‘உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?’ என்று கேட்டால் என்ன சொல்வார்? ‘எனக்கு ரண்டு பசங்க இருக்கறாங்க கண்ணு’ என்பார். இந்த வாக்கியத்தில் ஹேவ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எங்கேயும் இல்லை. தமிழில் ஹேவ் என்ற வினைக்கு நேராக ஒரு வினை கிடையாது. நாம் அந்த வேலையை இரண்டாகப் பிரித்துச் செய்கிறோம். உடையவருக்கு ‘கு’ உருபைச் சேர்த்து எனக்கு, உனக்கு, அவனுக்கு என்கிறோம். உடைமையைத் தனியாக நிறுத்தி இருக்கிறது, இருக்கிறார்கள், உண்டு என்கிறோம்.

இதை நம் இலக்கணம் எப்போதோ கண்டுகொண்டது. நான்காம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும் நன்னூல் சூத்திரம், கொடை, பகை, நட்பு என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘இதற்கு இது’ என்று முடிக்கும். ஹேவ் என்ற சொல்லுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் பார்த்ததில்லை. பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் சீனாபுரம்தான் அதை எழுதிய பவணந்தி முனிவர் பிறந்த ஊர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ‘இதற்கு இது’ ஞாபகத்துக்கு வரும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ‘இதற்கு இது’ என்பதில் நம் வினை எதைப் பார்த்து மாறுகிறது? எனக்கு ஒரு பையன் இருக்கிறான். எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு காங்கேயம் காளை இருக்கிறது. உடையவர் நாலிலும் ஒருவரே. ஆனால் வினை நாலு விதமாக மாறிவிட்டது. இனி உடையவரை மாற்றிப் பார்ப்போம். எனக்கு ஒரு காளை இருக்கிறது, உனக்கு ஒரு காளை இருக்கிறது, அவனுக்கு ஒரு காளை இருக்கிறது, அவீங்களுக்கு ஒரு காளை இருக்கிறது. வினை அசையவே இல்லை. அதாவது தமிழ் வினைக்கு உடைமைதான் எழுவாய். அதைத்தான் அது பார்க்கும். யாருக்கு என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

ஆங்கிலத்தில் இது அப்படியே தலைகீழ். ‘ஐ ஹேவ் அ சன்’, ‘ஐ ஹேவ் டூ சன்ஸ்’, ‘ஐ ஹேவ் அ புல்’. உடைமை மாறினாலும் ஹேவ் மாறவில்லை. உடையவரை மாற்றுங்கள்: ‘ஹீ ஹேஸ் அ புல்’, ‘தே ஹேவ் அ புல்’. உடனே மாறிவிட்டது. ஆங்கில வினை உடையவரை மட்டும்தான் பார்க்கிறது. உடைமை ஒன்றா, நூறா என்று அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நம் பிள்ளைகள் ‘மை பிரதர் ஹேவ் டூ சன்ஸ்’ என்று எழுதுவதற்கும், ‘தே ஹேஸ் ஒன் ஹவுஸ்’ என்று எழுதுவதற்கும் காரணம் இதுதான். இரண்டு பையன்கள் என்றதும் மனசு பன்மைக்குப் போய் ஹேவ் போடுகிறது. ஒரே வீடு என்றதும் ஒருமைக்குப் போய் ஹேஸ் போடுகிறது. எண்ணியது சரி, எதை எண்ணினோம் என்பதுதான் தப்பு.

அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி இது. வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிக்கொள்ளுங்கள். ‘கு’ எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சொல்லை எடுத்து, கு-வைக் கழற்றிவிட்டு, முன்னால் வையுங்கள். உங்கள் ஹீ, ஷீ, இட் விதியை அதன் மேல் மட்டும் வைத்துப் பாருங்கள். ‘இந்த ஸ்டைலுக்கு ஆறு கலர் இருக்கிறது’ என்று நினைக்கிறீர்கள். கு ஒட்டியிருப்பது ஸ்டைலோடு. ஸ்டைல் ஒன்று, ‘இட்’. ‘திஸ் ஸ்டைல் ஹேஸ் சிக்ஸ் கலர்ஸ்.’ ஆறு கலர் என்பது உங்களை இழுக்கும், போகாதீர்கள். ‘இந்த ஆறு ஸ்டைலுக்கும் ஒரே லேபிள்தான்.’ கு ஒட்டியிருப்பது ஆறு ஸ்டைலோடு. ‘தீஸ் சிக்ஸ் ஸ்டைல்ஸ் ஹேவ் தி சேம் லேபிள்.’ என்னிடம், அவரிடம் என்று ‘இடம்’ வந்தாலும் இதே வழிதான். ‘ஏஜெண்டிடம் இரண்டு சாம்பிள் இருக்கிறது’ என்றால் ‘தி ஏஜெண்ட் ஹேஸ் டூ சாம்பிள்ஸ்’. ஒரு வாரம் இப்படி நிறுத்தி நிதானமாகச் செய்தால் போதும், அப்புறம் கை தானாகப் பழகிவிடும்.

ஆனால் எல்லா ‘கு’வும் ஹேவ் ஆகாது. எனக்குத் தலைவலி என்பது ‘ஐ ஹேவ் அ ஹெடேக்’ ஆகும். எனக்குப் பசி, எனக்குத் தாகம், எனக்குக் குளிர்கிறது, எனக்கு வயது 24 என்பவை ஆகாது. அங்கெல்லாம் ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஹங்க்ரி’, ‘ஐ ஆம் ட்வென்ட்டி ஃபோர்’ என்று ‘ஆம்’தான் வரும். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும் என்பவற்றுக்கு ‘நோ’, ‘லைக்’ என்று தனி வினைகளே இருக்கின்றன. அதுபோல ‘கு’ இல்லாமல் ‘இல்’ வந்தால் வேறு பாதை. ‘எங்கள் தோட்டத்தில் ஒரு கிணறு இருக்கிறது’ என்பதை ‘இன் மை கார்டன் ஹேஸ் அ வெல்’ என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. ‘இல்’ வந்தால் ‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘இருக்கிறது’ என்பதால் வரும் குழப்பம் இது.

இனி உங்கள் முதல் வரி, ‘தி ஃபேக்டரி மேனேஜர் ஹேவ் டூ க்வெஸ்டின்ஸ்’. இதில் இரண்டு கேள்வி என்ற பன்மை உங்களை இழுத்திருக்கலாம். ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகமும் உண்டு. மேனேஜர் உங்களுக்குப் பெரியவர். நம் வாயில் அவர் ஒருமையாக வரவே மாட்டார். ‘மேனேஜர் வந்தாங்க, சொன்னாங்க’ என்றுதான் பேசுவோம். எழுத்தில்கூட ‘வந்தார்’ என்கிற ‘ஆர்’ விகுதி முதலில் பலர்பாலுக்கு உரியது, மரியாதைக்காக ஒருவருக்கும் சேர்க்கிறோம். நம் பக்கத்திலோ சின்னப் பிள்ளையிடம்கூட ‘வாங்க, சாப்பிடுங்க’ என்போம். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு அப்பாவையோ மேனேஜரையோ ஒருமையில் எழுதக் கை கூசும். ‘மை ஃபாதர் ஹேவ்’, ‘மை கிராண்ட்மதர் ஹேவ்’ என்று எழுதிய தாள்களை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளை ‘மை டாக் ஹேஸ்’ என்று சரியாக எழுதியிருக்கும். இந்தத் தப்பைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. அம்மாயியை ஒருமையில் சொல்ல மனம் வராத பிள்ளை அது.

ஆங்கிலத்தில் மரியாதை வினையில் ஏறாது. அரசரே ஆனாலும் ‘தி கிங் ஹேஸ்’தான். மரியாதையைப் ‘ப்ளீஸ்’, ‘மிஸ்டர்’, ‘வுட் யூ’ போன்ற சொற்களில் வைப்பார்கள். அதனால் ‘தி ஃபேக்டரி மேனேஜர் ஹேஸ் டூ க்வெஸ்டின்ஸ்’ என்று எழுதினால் அவரை நீங்கள் குறைத்துச் சொன்னதாக ஆகாது.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் ஆங்கிலமும் நம்மைப் போலச் செய்தது. ‘யூ’ ஒருவரைக் குறிக்கும்போதும் ஏன் ‘யூ ஹேவ்’ என்று வருகிறது என யோசித்திருக்கிறீர்களா? முன்பு அவர்களிடம் ‘நீ’ என்பதற்குத் ‘தௌ’ என்று தனிச் சொல் இருந்தது. ‘யூ’ பலருக்கும், மரியாதைக்குரிய ஒருவருக்கும் உரியது, நம் ‘நீங்க’ போல. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரையும் ‘நீங்க’ என்றே கூப்பிட ஆரம்பித்து, ‘தௌ’ அன்றாடப் பேச்சிலிருந்து போய்விட்டது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் ‘தௌ ஹேஸ்ட்’, ‘ஹீ ஹேத்’ என்றெல்லாம் இருக்கும். சர்ச்சில் பழைய ஆங்கில பைபிள் வாசித்த பெரியவர்களுக்கு இது காதில் ஒலிக்கும். ‘ஹேஸ்ட்’ போய்விட்டது. ‘ஹேத்’ இருந்த இடத்துக்கு இங்கிலாந்தின் வடக்குப் பகுதிப் பேச்சிலிருந்து வந்த ‘ஸ்’ ஏறி ‘ஹேஸ்’ ஆனது. ஒர்க் ஒர்க்ஸ் ஆவதைப் போல ஹேவ் ‘ஹேவ்ஸ்’ ஆகியிருக்க வேண்டும். நடுவில் இருந்த ‘வ்’ தேய்ந்து ஹேஸ் ஆகிவிட்டது. ஆக ஹேஸ் என்பது தனிச் சொல் அல்ல. படர்க்கை ஒருமைக்கு மட்டும் ‘ஸ்’ போட்டுக்கொண்டு வரும் அதே ஹேவ்தான். ‘ஐ’ ஒருவர்தானே, ஏன் ஹேஸ் இல்லை என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். அது தன்மை, ‘ஸ்’ படர்க்கைக்கு உரியது.

இதைப் புரிந்துகொண்டால் உங்கள் மூன்றாவது வரி எளிது. ‘தி சப்ளையர் டஸ் நாட் ஹேஸ்’ என்று எழுதினீர்கள். இருக்கிற ஒரே ‘ஸ்’ஸை ‘டஸ்’ எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று கிடையாது. ‘தி சப்ளையர் டஸ் நாட் ஹேவ் திஸ் கலர்.’ கேள்வியிலும் அப்படியே: ‘டஸ் தி சப்ளையர் ஹேவ் திஸ் கலர்?’ வில், கேன், மே, மஸ்ட் போன்றவற்றுக்குப் பின்னாலும் எப்போதும் ஹேவ்தான், யாராக இருந்தாலும்.

இரண்டாவது வரி, ‘தி கார்ட்டன்ஸ் ஹேஸ் ரீச்ட் தூத்துக்குடி’, கொஞ்சம் வேறு வகை. இங்கே யாருக்கும் எதுவும் சொந்தம் இல்லை. போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதில் நாம் ‘இரு’வைத் துணைக்கு வைக்கிற இடத்தில் ஆங்கிலம் ஹேவை வைக்கிறது. தப்பு எங்கிருந்து வந்தது? நம் பேச்சில் அஃறிணைக்கு ஒருமை, பன்மை வித்தியாசம் வினையில் தெரியாது. ‘ஒரு மாடு வந்திருக்குது’, ‘பத்து மாடு வந்திருக்குது’. பெயரில்கூட எண்ணைச் சொன்னால் போதும், ‘கள்’ வேண்டியதில்லை. இருநூறு கார்ட்டன் போய்ச் சேர்ந்திருக்குது என்றுதான் உங்கள் மனசு சொல்லியிருக்கும். எழுத்துத் தமிழில் ‘சேர்ந்திருக்கின்றன’ என்று பிரிப்போம், ஆனால் மெயில் எழுதும் அவசரத்தில் முன்னால் வருவது பேச்சுத் தமிழ்தான். ஆங்கிலம் உயர்திணை, அஃறிணை பார்ப்பதில்லை. கார்ட்டன்ஸ் என்றால் ‘தே’. ஆகவே ‘தி கார்ட்டன்ஸ் ஹேவ் ரீச்ட் தூத்துக்குடி’. பொருட்களைப் பற்றியே நாள் முழுக்க எழுதுகிற உங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் அடிக்கடி சறுக்கும் இடம். பெயரின் கடைசியில் ‘ஸ்’ இருந்தால் பெரும்பாலும் வினையில் ‘ஸ்’ இருக்காது. கார்ட்டன் ஹேஸ், கார்ட்டன்ஸ் ஹேவ். ஒரு ‘ஸ்’ இரண்டு பக்கமும் உட்காராது என்று ஞாபகம் வையுங்கள். ‘நியூஸ்’ போன்ற ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் ‘ஸ்’ஸோடு இருந்தும் ஒருமை.

உங்கள் தொழிலுக்கென்றே சில சொற்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபேப்ரிக், யார்ன், ஸ்டாக், இன்ஃபர்மேஷன், எக்விப்மெண்ட் எல்லாம் பொதுவாக எண்ண முடியாதவையாக வரும். எத்தனை டன் நூல் வந்தாலும் ‘தி யார்ன் ஹேஸ் அரைவ்ட்’தான். ‘குட்ஸ்’ என்பதோ எப்போதும் பன்மை, ‘தி குட்ஸ் ஹேவ் அரைவ்ட்’. அதைவிடக் கவனிக்க வேண்டியது கால் வழியாகப் போடும் உடுப்புகள். டிரவுசர்ஸ், ஷார்ட்ஸ், லெகிங்ஸ், பைஜாமாஸ் எல்லாம் ஒரே பீஸாக இருந்தாலும் ஆங்கிலத்தில் பன்மை. இரண்டு கால் என்பதால் அப்படி. ‘தீஸ் லெகிங்ஸ் ஹேவ் அ லூஸ் வெய்ஸ்ட்பேண்ட்’ என்று எழுத வேண்டும். ஆனால் ஜோடி என்று பொருள் தரும் ‘பேர்’ என்ற ஆங்கிலச் சொல் முன்னால் வந்துவிட்டால் எண்ணுவது அந்தப் ‘பேர்’ஐத்தான்: ‘திஸ் பேர் ஆஃப் லெகிங்ஸ் ஹேஸ் அ லூஸ் வெய்ஸ்ட்பேண்ட்’. டி-ஷர்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

‘ஒன் ஆஃப்’ வந்தாலும் இப்படித்தான். ‘ஒன் ஆஃப் தி டெய்லர்ஸ் ஹேஸ்’ என்று வரும், ஏனென்றால் பேச்சு ஒருவரைப் பற்றியது. ‘எவ்ரிஒன்’, ‘எவ்ரிபடி’, ‘ஈச்’ மூன்றும் ஒருமை. நாம் ‘எவ்ரிஒன்’ஐ ‘எல்லோரும்’ என்று மொழிபெயர்த்துப் பழகியதால் பன்மையாகத் தோன்றுகிறது. ‘ஒவ்வொருவரும்’ என்று நினைத்துக்கொண்டால் ‘எவ்ரிஒன் ஹேஸ்’ தானாக வரும். ‘டீம்’, ‘ஸ்டாஃப்’ போன்ற கூட்டப் பெயர்களில் பையரின் ஊரும் பார்க்க வேண்டும். அமெரிக்கர் ‘தி டீம் ஹேஸ் அப்ரூவ்ட்’ என்பார். பிரிட்டிஷ்காரர் ஆட்களை நினைத்துத் ‘தி டீம் ஹேவ் அப்ரூவ்ட்’ என்றும் எழுதுவார். அவர் அப்படி எழுதினால் தப்பென்று நினைக்க வேண்டாம். நீங்கள் ‘ஹேஸ்’ என்றே வைத்துக்கொள்ளலாம், இரண்டு ஊரிலும் செல்லும்.

நாலாவது, ‘வீ ஆர் ஹேவிங் ஃபார்ட்டி மெஷின்ஸ்’. இதில் ஹேவ், ஹேஸ் பிரச்சினை இல்லை, ‘இங்’ பிரச்சினை. ‘நாற்பது மெஷின் வைத்திருக்கிறோம்’ என்பதை அப்படியே கொண்டுபோகும்போது அந்த ‘இருக்கிறோம்’ நம்மை ‘ஆர் ஹேவிங்’ பக்கம் தள்ளிவிடுகிறது. சொந்தமாக இருப்பது ஒரு நிலை. அது நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல. நிலைக்கு ‘இங்’ கிடையாது. ‘வீ ஹேவ் ஃபார்ட்டி மெஷின்ஸ்.’ அண்ணன், தம்பி, வீடு, தோட்டம், மெஷின், நேரம், பணம் எல்லாவற்றுக்கும் வெறும் ஹேவ். ஆனால் ஹேவ் எப்போதும் உடைமையைக் குறிப்பதில்லை. சாப்பிடுவது, கூட்டம் நடத்துவது, அனுபவிப்பது எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயர் இதே சொல்லைப் பயன்படுத்துவார்கள். அவை செயல்கள், அங்கே ‘இங்’ தாராளமாக வரும். ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’, ‘வீ ஆர் ஹேவிங் அ மீட்டிங்’, ‘வீ ஆர் ஹேவிங் ட்ரபிள் வித் டூ மெஷின்ஸ்’ எல்லாம் சரியே. நாற்பது மெஷின் இருப்பது ‘ஹேவ்’. அதில் இரண்டு மெஷின் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருப்பது ‘ஹேவிங்’. இந்த ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ இந்தியா முழுக்கப் பேச்சில் இருக்கிறது. நம் ஊருக்குள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வெளிநாட்டுப் பையருக்குத்தான் உறுத்தும்.

இன்னொன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை ஆனாலும். ‘வீ ஹேவ் ஷிப்ட் யெஸ்டர்டே’ என்று எழுதாதீர்கள். நேற்று, போன வாரம், திங்கட்கிழமை என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் வந்துவிட்டால் ஹேவுக்கு அங்கே இடம் இல்லை, ‘வீ ஷிப்ட் யெஸ்டர்டே’. நேரம் சொல்லாமல் ‘அனுப்பிவிட்டோம்’ என்று மட்டும் தெரிவிக்க ‘வீ ஹேவ் ஷிப்ட் தி ஆர்டர்’.

கடைசியாக ‘ஹேவ் டு’. இதைத்தான் நான் மிகவும் கவலையோடு சொல்லிக் கொடுப்பேன், ஏனென்றால் ஹேவுக்கும் ஹேஸுக்கும் மாறிப்போனால் பையர் பொருளைப் புரிந்துகொள்வார், இதில் தப்பினால் பொருளே மாறிவிடும். ‘ஹேவ் டு’ என்றால் ‘வேண்டும்’. நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவன் போக வேண்டும். நம் ‘வேண்டும்’ யாருக்கும் மாறுவதில்லை. அதனால்தான் பிள்ளைகள் ‘ஹீ ஹேவ் டு கோ’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இங்கேயும் ஆளைப் பார்த்து மாறும்: ‘ஐ ஹேவ் டு கோ’, ‘ஹீ ஹேஸ் டு கோ’. இது வரைக்கும் எளிது.

சிக்கல் எதிர்மறையில். ‘வேண்டாம்’ என்ற நம் சொல்லுக்குள் இரண்டு பொருள் குடியிருக்கிறது. ‘நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம்’ என்றால் வர அவசியமில்லை. ‘அந்தக் கிணத்துப் பக்கம் போக வேண்டாம்’ என்றால் போகக் கூடாது. கேட்பவர் குரலையும் இடத்தையும் வைத்துப் புரிந்துகொள்வார். ‘டோன்ட் ஹேவ் டு’, ‘டஸ் நாட் ஹேவ் டு’ என்பதில் முதல் பொருள் மட்டும்தான் உண்டு. அவசியமில்லை, விருப்பமிருந்தால் செய்யலாம் என்பது அதன் அர்த்தம். தடுப்பது அதன் வேலையே அல்ல.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. வேறொரு கம்பெனியில் உங்களைப் போலவே புதிதாகச் சேர்ந்தவர். ஒவ்வொரு கார்ட்டனிலும் நாலு சைஸும் கணக்காக அடுக்கி அனுப்பிய ஆர்டர் அது. கார்ட்டனைப் பிரிக்க வேண்டாம் என்று வெளிநாட்டில் சரக்கை வாங்கிக்கொள்ளும் ஏஜெண்டுக்குச் சொல்ல நினைத்து, ‘யூ டோன்ட் ஹேவ் டு ஓபன் தி கார்ட்டன்ஸ்’ என்று எழுதிவிட்டார். அந்த ஏஜெண்ட், பிரிப்பதும் பிரிக்காததும் தன் விருப்பம் என்று எடுத்துக்கொண்டு, தரம் பார்க்கச் சில கார்ட்டன்களைப் பிரித்தார். திரும்பக் கட்டும்போது சைஸ் எல்லாம் கலந்துபோய்விட்டது. அவர் மேல் தப்பே இல்லை, மெயிலில் இருந்ததைத்தான் செய்தார். இந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதார். என்னிடம் அந்த மெயிலைக் காட்டியபோது, ‘நான் சரியாத்தானுங்க சார் எழுதியிருக்கேன், பிரிக்க வேண்டாம்னுதானே இருக்குது’ என்றார். அவர் காதில் அது தமிழாகவே கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார வைத்து, ‘பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை’, ‘பிரிக்கக் கூடாது’ என்று இரண்டையும் நோட்டில் எழுதச் சொல்லி, முதல் வரிக்கு நேராக ‘யூ டோன்ட் ஹேவ் டு ஓபன்’ என்றும், இரண்டாவதற்கு நேராக ‘ப்ளீஸ் டோன்ட் ஓபன்’ என்றும் எழுத வைத்தேன். இப்போது அவர் மெயிலில் ‘வேண்டாம்’ என்று நினைக்கும்போதெல்லாம், இந்த இரண்டில் எது என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.